வந்து போனதும் போட்டுக் கொண்டதும்

(ஃப்ளூ தடுப்பூசி முகாமுக்கு முந்தைய ஞாயிறன்று, நமது நாக்பூர் மூத்த உறுப்பினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



முதலிலேயே ஒன்றைச் சொல்லி விடுகிறேன். நான் டாக்டர் இல்லை. 1971-ல் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி முடித்தேன். 1973-ல் மத்திய அரசின் தணிக்கைத் துறையில் சேர்ந்து, முப்பத்தெட்டு வருஷம் பிறர் எழுதிய கணக்கில் பிழை கண்டுபிடித்தே சம்பளம் வாங்கியவன். எனவே இன்று நான் சொல்லப் போவதை ஒரு தணிக்கைக்காரனின் குறிப்பாக எடுத்துக் கொள்ளுங்கள். ஊசி விஷயத்தில் கடைசி வார்த்தை உங்கள் டாக்டருடையது.

காரியதரிசி போன வாரம் போன் செய்தார். "மாமா, அடுத்த ஞாயிறு ஃப்ளூ ஊசி கேம்ப் வெச்சிருக்கோம். பாதிப் பேர் பேர் கொடுக்க மாட்டேங்கறா. எனக்குத்தான் போன வருஷமே ஃப்ளூ வந்து போயாச்சே, தானா வந்த எதிர்ப்பு சக்தி இருக்கறப்போ ஊசி எதுக்குன்னு கேக்கறா. நீங்க ஒரு அரைமணி பேசணும்" என்றார். உடனே ஒப்புக் கொண்டேன். அதற்கு ஒரு சொந்தக் காரணம் உண்டு. அதை மறைத்துக் கொண்டு பேசுவது நியாயமில்லை.

என் அக்கா டோம்பிவிலியில் இருக்கிறாள். அத்திம்பேர் பாங்கில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். சர்க்கரை வியாதி உண்டு, மற்றபடி திடகாத்திரமான மனிதர். 2020 செப்டம்பரில் அவருக்குக் கொரோனா வந்தது. நாலு நாள் ஜுரம், இரண்டு வாரம் தனி அறை, மூன்று வேளையும் மிளகு ரசம் சாதம் என்று எழுந்து உட்கார்ந்து விட்டார். டிசம்பரில் ஆன்டிபாடி டெஸ்ட் செய்து கொண்டார். நல்ல பெரிய எண்ணாக வந்தது. அந்த ரிப்போர்ட்டைப் பென்ஷன் பேப்பர்களோடு ஒரே ஃபைலில் வைத்துக் கொண்டார்.

2021 மார்ச் 1-ம் தேதி அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு ஊசி ஆரம்பித்தார்கள். அந்த வாரமே எனக்குப் போன் வந்தது. "ஏண்டா, நீ சயன்ஸ் படிச்சவன், சொல்லு. எனக்குத்தான் ஒரு தடவை வந்துடுத்தே. ஆன்டிபாடியும் நிறைய இருக்குன்னு போட்டிருக்கான். ஊசி போட்டுக்கணுமா?"

நான் யோசிக்கவே இல்லை. "அவசரமே இல்லை, அத்திம்பேர். தானா வந்த சக்திதான் ஒஸ்தி. கூட்டம் குறையட்டும், மெதுவாப் போட்டுக்கோங்கோ" என்றேன்.

ஏப்ரல் மூன்றாவது வாரம் மறுபடி ஜுரம். அந்த நாட்கள் உங்கள் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். ஆக்ஸிஜனோடு ஒரு படுக்கை கிடைக்கவே ஒரு முழு நாள் ஆயிற்று. பன்னிரண்டாம் நாள் போய் விட்டார். நான் இங்கே நாக்பூரில். முகம் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. காரியங்களையும் போனில்தான் பார்த்தேன்.

ஊசி போட்டுக் கொண்டிருந்தால் பிழைத்திருப்பாரா? எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. ஊசி போட்டுக் கொண்டவர்களிலும் சிலர் போனார்கள். போட்டுக் கொள்ளாதவர்களில் பலர் பிழைத்தார்கள். என் வருத்தம் வேறு. வவுச்சர் பார்க்காமல் ஒரு பில்லைக் கூடப் பாஸ் செய்யாத நான், அன்று வவுச்சர் கேட்காமலே கையெழுத்துப் போட்டு விட்டேன். "தானா வந்ததுதான் ஒஸ்தி" என்பது எங்கோ காதில் விழுந்தது. அதையே சாஸ்திரம் மாதிரிச் சொல்லி விட்டேன். அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். படித்ததில் எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன்.

உடம்பின் ஞாபகம்

கிருமி உள்ளே வந்தாலும் சரி, ஊசி வழியாக அதன் சாயல் வந்தாலும் சரி, உடம்பு செய்கிற காரியம் ஒன்றேதான். நமது ரத்தத்தில் பி செல் என்று ஒரு வகை வெள்ளணு. ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவத்தைப் பிடிக்கும். வந்தவனின் வடிவத்துக்குப் பொருந்தும் செல்கள் கழுத்து, அக்குள் போன்ற இடங்களில் உள்ள நிணநீர் முடிச்சுகளில் பெருகுகின்றன. பெருகும்போதே தங்களைச் சிறிது சிறிதாக மாற்றிக் கொள்கின்றன. நன்றாகப் பிடிப்பது தங்கும், பிடிக்காதது கழியும். இந்தத் தேர்வு மாதக்கணக்கில் நடக்கிறது. முடிவில் இரண்டு வகை செல்கள் மிஞ்சும். ஒன்று, எலும்பு மஜ்ஜையில் உட்கார்ந்து கொண்டு ஆன்டிபாடியைத் தயாரித்துக் கொண்டே இருப்பது. இன்னொன்று, மெமரி செல். சும்மா சுற்றிக் கொண்டிருக்கும். பழைய ஆசாமி மறுபடி வந்தால் அடையாளம் கண்டு, சில நாட்களில் படை திரட்டி விடும்.

ஆக, ரத்தத்தில் இருக்கும் ஆன்டிபாடி வாசலில் நிற்கும் காவல்காரன். மெமரி செல் போலீஸ் ஸ்டேஷனில் உள்ள ஃபைல். இவற்றோடு டி செல் என்ற தனிப் படையும் உண்டு. டெஸ்டில் வருகிற எண் வாசலில் அன்றைக்கு எத்தனை காவல்காரர்கள் என்பதை மட்டும் சொல்லும். நாளைக்கு எத்தனை பேர் இருப்பார்கள், அவர்களுக்கு அடையாளம் தெரியாத புது ஆசாமி வந்தால் என்ன ஆகும் என்பதை அந்த எண் சொல்லாது. அத்திம்பேரின் ரிப்போர்ட்டில் நானும் அவரும் பார்க்கத் தவறியது இதைத்தான்.

மாறாத எதிரி, மாறும் எதிரி

நம்மில் அநேகமாக எல்லோருக்கும் புஜத்தில் அம்மை குத்திய தழும்பு இருக்கும். குழந்தையில் குத்தியது. பெரியம்மை வைரஸ் அதிகம் மாறாத ஜாதி. அதனால்தான் அந்தத் தழும்புகளே கடைசியில் அதை உலகத்தை விட்டு விரட்டின. 1980-ல் பெரியம்மை ஒழிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

தட்டம்மையும் அப்படித்தான். டென்மார்க்கைச் சேர்ந்த ஃபரோ தீவுகளில் 1846-ல் தட்டம்மை வந்தது. மொத்த ஜனத்தொகை 7,782. அதில் சுமார் 6,000 பேர் படுத்தார்கள். அங்கே அனுப்பப்பட்ட பானும் என்ற இளம் டாக்டர் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார். 65 வருஷம் முன்பு, 1781-ல் அதே நோய் வந்து பிழைத்த கிழவர்கள் ஒருவருக்குக் கூட மறுபடி வரவில்லை. இதுதான் தானாக வந்த எதிர்ப்பு சக்தியின் மகிமை. இதை யாரும் மறுக்கவில்லை.

ஆனால் ஃப்ளூவும் கொரோனாவும் வேறு ஜாதி. நம் காலத்து ஆபீஸ்களில் டைப்பிஸ்டுகள் காப்பி எடுப்பார்களே, ஒப்பிட்டுப் பார்க்காமல் காப்பிக்குக் காப்பி எடுத்தால் எத்தனை பிழை சேரும்! ஃப்ளூ வைரஸுக்குப் பிழை திருத்தும் ஏற்பாடே கிடையாது. கொரோனாவுக்கு ஓரளவு உண்டு. இருந்தும் கோடிக்கணக்கான மனிதர்களுக்குள் அது பெருகும்போது பிழைகள் சேர்ந்து விடுகின்றன. அந்தப் பிழைகளில், நம் ஆன்டிபாடி பிடிக்கும் இடத்தை மாற்றி விடுகிற பிழைதான் அதற்கு லாபம். 2021 நவம்பரில் வந்த ஒமிக்ரானின் மேல்முள்ளில், அதாவது ஸ்பைக் புரதத்தில், முப்பதுக்கும் மேற்பட்ட மாற்றங்கள் இருந்தன.

1918-ன் ஸ்பானிஷ் ஃப்ளூவைத் தாண்டி வந்த 32 முதியவர்களின் ரத்தத்தை அமெரிக்க விஞ்ஞானிகள் பரிசோதித்து 2008-ல் வெளியிட்டார்கள். அவர்களுக்கு வயது 91 முதல் 101. தொண்ணூறு வருஷத்துக்குப் பிறகும் அத்தனை பேர் ரத்தத்திலும் 1918 வைரஸைச் செயலிழக்கச் செய்யும் ஆன்டிபாடி இருந்தது! 2009-ல் பன்றிக் காய்ச்சல் வந்தபோது இளைஞர்களை விட வயதானவர்களுக்குக் குறைவாக வந்ததற்கும் இதுவே காரணம். 1957-க்கு முன் சுற்றிக் கொண்டிருந்த 1918 வம்சத்து ஃப்ளூவை அவர்கள் உடம்பு இளமையில் பார்த்திருந்தது. ஆனால் அதே முதியவர்கள்தான் வருஷா வருஷம் வருகிற சாதாரண ஃப்ளூவில் அதிகம் மடிகிறவர்களும். உடம்புக்கு ஞாபக மறதி அதிகம் இல்லை. எதிரிதான் முகத்தை மாற்றிக் கொண்டு வருகிறான்.

எது ஒஸ்தி?

சரி, கொரோனாவில் வந்து போனது ஒஸ்தியா, போட்டுக் கொண்டது ஒஸ்தியா? தணிக்கைக்காரன் இரு தரப்பு வரவையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும்.

வந்து போனவர் உடம்பு முழு வைரஸையும் பார்த்திருக்கிறது. ஸ்பைக்கை மட்டுமல்ல, உள்ளே இருக்கும் புரதங்களையும். மூக்கு, தொண்டையின் ஈரச் சவ்விலும் ஆன்டிபாடி உண்டாகிறது. கையில் போடும் ஊசி அங்கே அதிகம் எட்டாது. கோவிஷீல்டு ஸ்பைக்கை மட்டும் காட்டியது. கோவாக்சின் கொல்லப்பட்ட முழு வைரஸைக் காட்டியது. ஆனால் ஊசியில் அளவு உண்டு. எல்லோருக்கும் ஒரே டோஸ், சரியான இடைவெளி. தொற்றில் அளவே கிடையாது. லேசாக வந்து போனவர்கள் சிலருக்கு ஆன்டிபாடி மிகக் குறைவாகவே உண்டானது.

அமெரிக்காவின் சி.டி.சி. நிறுவனம் கலிஃபோர்னியா, நியூயார்க் மாநிலங்களின் கணக்கை 2022 ஜனவரியில் வெளியிட்டது. டெல்டாவுக்கு முன், ஊசி போட்டவர்களுக்குத்தான் தொற்று குறைவு. டெல்டா பரவிய பிறகு, முன்பே நோய் வந்து போனவர்களுக்கு ஊசி மட்டும் போட்டவர்களை விடக் குறைவு. இது நான் அத்திம்பேருக்குச் சொன்னதற்குச் சாதகமான வவுச்சர். மறைக்க மாட்டேன்.

2023-ல் லான்செட் இதழில் 19 நாடுகளின் 65 ஆய்வுகளைத் தொகுத்து வெளியிட்டார்கள். நோய் வந்து நாற்பது வாரம் கழித்து, டெல்டா வரையிலான ரகங்கள் மறுபடி தொற்றாமல் சுமார் 79 சதவீதப் பாதுகாப்பு இருந்தது. ஒமிக்ரான் வந்ததும் அது சுமார் 36 ஆக விழுந்தது. ஆனால் ஆஸ்பத்திரிப் படுக்கைக்கும் மரணத்துக்கும் எதிரான பாதுகாப்பு இரண்டிலும் தொண்ணூறை ஒட்டியே நின்றது. இரண்டு டோஸ் ஊசி தந்த பாதுகாப்புக்கு இது எந்த விதத்திலும் குறைந்ததல்ல என்றும் எழுதினார்கள். வாசல் காவல் தளர்ந்தாலும் ஸ்டேஷன் ஃபைல் அழியவில்லை என்று அர்த்தம்.

அப்படியானால் நான் சொன்னது சரிதானே என்று நீங்கள் கேட்கலாம். நானும் என்னைக் கேட்டுக் கொண்டேன். தொண்ணூறு என்பது நூறு இல்லை. அந்த மீதிப் பத்தில் யார் அதிகம் இருப்பார்கள்? எழுபதைத் தாண்டியவர்கள், சர்க்கரை உள்ளவர்கள். வயதானால் நமக்கு மட்டுமல்ல, நம் செல்களுக்கும் சுறுசுறுப்பு குறைகிறது. சராசரிக் கணக்கைத் தனி மனிதருக்கு அப்படியே பொருத்தியது என் பிழை.

செலவுப் பக்கம்

இதை விடப் பெரிய பிழை ஒன்று உண்டு. வரவை மட்டும் பார்த்தேன், செலவுப் பக்கத்தைப் புரட்டவே இல்லை.

"தானா வந்த சக்தி" என்று சொல்லும்போது யாருடைய ரத்தத்தைச் சோதிக்கிறோம்? பிழைத்தவர்களுடைய ரத்தத்தை. பிழைக்காதவர்கள் ரத்தம் கொடுக்க வருவதில்லை. 1918-ஐத் தாண்டி வந்த அந்த 32 பேரின் ஆன்டிபாடி அபாரம்தான். அதே 1918-ல் இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். அவர்கள் பெயர் வரவுப் பக்கத்தில் எப்படி வரும்?

பிரேசிலில் மனாவ்ஸ் என்ற நகரம். 2020 அக்டோபருக்குள் அங்கே நாலில் மூன்று பேருக்குத் தொற்று வந்து போயிருக்கும் என்று விஞ்ஞானிகள் கணக்கிட்டார்கள். இனி பயமில்லை என்று பலர் நினைத்தார்கள். 2021 ஜனவரியில் காமா என்ற மாறிய ரகம் வந்தது. ஆக்ஸிஜன் தீர்ந்து ஆஸ்பத்திரிகளில் மனிதர்கள் மூச்சுத் திணறி இறந்தார்கள். முதல் தடவை கொடுத்த விலை இரண்டாம் தடவைக்குப் போதவில்லை.

ஊசிக்கும் செலவுப் பக்கம் உண்டு. கோவிஷீல்டு வகை ஊசியால் மிக அபூர்வமாக ரத்தம் உறையும் கோளாறு சிலருக்கு வந்தது. அதில் மரணங்களும் உண்டு. அது நம் வயதினரை விட இளையவர்களிடம் அதிகம் தெரிந்ததால், சில நாடுகள் இளையவர்களுக்கு அதை நிறுத்தின. டெங்கு ஊசி கதையும் உண்டு. டெங்குவில் நாலு வகை. ஒன்று வந்து போனவருக்கு வேறொன்று வந்தால், பழைய ஆன்டிபாடியே சில சமயம் புது வைரஸுக்கு உதவி செய்து நோயைக் கடுமையாக்கும். பிலிப்பைன்ஸில் 2016-ல் பள்ளிக் குழந்தைகளுக்கு டெங்கு ஊசி போட ஆரம்பித்து எட்டு லட்சத்துக்கு மேல் போட்டார்கள். டெங்குவே வராத குழந்தைக்கு அந்த ஊசி முதல் தொற்றைப் போல வேலை செய்து, பின்னால் வரும் நிஜ டெங்கு கடுமையாகலாம் என்று 2017 நவம்பரில் கம்பெனியே அறிவித்தது. திட்டம் நின்றது. ஆகவே ஊசி என்றாலே உசத்தி என்றும் நான் சொல்லவில்லை. ஒவ்வொரு நோய்க்கும் தனித் தனி லெட்ஜர். இரண்டு பக்கத்தையும் கூட்டிப் பார்க்க வேண்டும். கொரோனாவிலும் ஃப்ளூவிலும் நம் வயதினருக்குக் கூட்டிப் பார்த்தால், நோயின் செலவுக்கு முன்னால் ஊசியின் செலவு மிகச் சிறியது.

இரண்டும் சேர்ந்தால்

இன்னொரு விஷயம். "வந்து போனதா, போட்டுக் கொண்டதா" என்று கேட்பதே கோணல் கேள்வி. வந்து போனவர் அதன் மேல் ஊசியும் போட்டுக் கொண்டால், இரண்டில் எது ஒன்றையும் விட உயர்ந்த, அகலமான பாதுகாப்பு வருகிறது. சிங்கப்பூரில் 2003-ல் சார்ஸ் நோய் வந்து பிழைத்த எட்டுப் பேர் 2021-ல் கொரோனா ஊசி போட்டுக் கொண்டார்கள். பதினெட்டு வருஷத்து மெமரி செல்கள் விழித்துக் கொண்டன. அவர்கள் ரத்தம் சார்ஸ், அப்போதிருந்த கொரோனா ரகங்கள், வௌவாலிலும் எறும்புத்தின்னியிலும் உள்ள ஒன்றுவிட்ட சகோதர வைரஸ்கள் எல்லாவற்றையும் தடுத்தது. ஒரே பாடத்தை இரண்டு வாத்தியார்களிடம் கேட்ட மாணவன் மாதிரி.

அத்திம்பேரின் உடம்பு முதல் பாடத்தைக் கேட்டிருந்தது. இரண்டாவது வாத்தியார் மார்ச் மாதம் வாசலில் வந்து நின்றார். நான்தான் திருப்பி அனுப்பச் சொன்னேன்.

வருஷத்துக்கு ஒரு சர்டிபிகேட்

இங்கே பாதிப் பேர் பென்ஷன்காரர்கள். வருஷா வருஷம் நவம்பரில் லைஃப் சர்டிபிகேட் கொடுக்கிறோம். "போன வருஷம்தான் உயிரோடு இருப்பதாக எழுதிக் கொடுத்தேனே" என்று பாங்கில் சண்டை போட்டால் நடக்குமா? ஃப்ளூ ஊசியும் அந்த மாதிரிதான். எந்த ரகங்கள் சுற்றுகின்றன என்று பார்த்து உலக சுகாதார நிறுவனம் வருஷத்தில் இரண்டு முறை ஊசியின் சேர்க்கையைப் பரிந்துரைக்கிறது. போன வருஷம் வந்து போன ஃப்ளூ போன வருஷ ரகத்துக்கான சர்டிபிகேட். முற்றிலும் வீண் இல்லை. ஆனால் இந்த வருஷத்துக்குப் போதாது. ஊசி போட்டும் ஃப்ளூ வரலாம். வந்தால் ஆஸ்பத்திரி வரை போகும் வாய்ப்பு குறையும். அவ்வளவுதான் அது தரும் வாக்குறுதி. நம் வயதில் அது சின்ன விஷயமா?

மூன்று வேண்டுகோள். ஒன்று, ஆன்டிபாடி எண்ணை வைத்துக் கொண்டு நீங்களே தீர்ப்பு எழுதாதீர்கள். இரண்டு, இருதயம், கிட்னி, அலர்ஜி, ரத்தம் இளக்கும் மாத்திரை என்று எதுவாக இருந்தாலும் கேம்ப் டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள். மூன்று, யாராவது போனில் "நீ சயன்ஸ் படிச்சவன், சொல்லு" என்று கேட்டால், "டாக்டரைக் கேட்டுக்கோங்கோ" என்று சொல்லுங்கள். கௌரவம் ஒன்றும் குறைந்து விடாது.

அக்காவிடம் இதையெல்லாம் போன வருஷம்தான் சொன்னேன். அந்தப் போன் பேச்சு அவளுக்குத் தெரிந்தே இருந்தது. அவர் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசினாராம். இத்தனை வருஷமாக ஒரு வார்த்தை கேட்டதில்லை. "நீ என்னடா பண்ணுவே, உனக்குத் தெரிஞ்சதைச் சொன்னே" என்றாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. எனக்குத் தெரியாததை அல்லவா சொன்னேன்!

அடுத்த ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு முகாம். முதல் பெயர் என்னுடையது. இரண்டாவது அக்காவுடையது. அதற்காகவே டோம்பிவிலியிலிருந்து வருகிறாள். மற்ற பெயர்களை எழுதிக் கொள்ளக் காரியதரிசி வாசலில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறார்.